மணற்கரைப் பைலோஸ்



கிரேக்கப் பெரும்புலவராகிய ஹோமர் ஊர்ப்பெயர்களை வறிதே கூறிச் செல்லும் இயல்பினர் அல்லர். திரோய் நகரைக் காற்று மிகுந்தது என்பார். மைசீனை நகரைப் பொன் மிகுந்தது என்பார். அவ்வரிசையில் பைலோஸ் என்னும் ஊருக்கு அவர் சூட்டிய அடைமொழி ‘மணல் மிகுந்த’ என்பதாகும். பொன்னாலன்றி மணலாற் பெயர்பெற்ற அவ்வூர் யாது, அங்கே நிகழ்ந்தவை யாவை, இன்று அங்கே செல்வோர் காண்பது என்ன என்பவற்றையே இன்றைய பேச்சிற் கூற எண்ணுகிறேன்.

கிரேக்க நாட்டின் தென்பகுதி பெலப்பொனீசு என்னும் பெரிய தீபகற்பமாகும். அதன் தென்மேற்கு மூலையில் மெசீனியா என்னும் மாநிலம் அமைந்துள்ளது. மத்தியதரைக் கடலின் ஒரு கூறாகிய அயோனியக் கடல் அதன் மேற்குக் கரையை அலைக்கின்றது. அக்கரையிலே வொய்தோகிலியா என்னும் சிறிய குடா ஒன்று உண்டு. எருதின் வயிறு என்பது அப்பெயரின் பொருள். வடக்கிலும் தெற்கிலும் இரு பாறைமுனைகள் கடலுள் நீண்டு, இடையே ஒடுங்கிய வாயிலொன்றை மட்டும் விட்டு நிற்கின்றன. வாயிலைக் கடந்து உட்புகுந்த கடல், கரையை ஏறத்தாழ ஒரு வட்டமாகவே வளைத்துவிட்டது. வெளியே அலை எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே நீர் அடங்கித் தெளிந்திருக்கும். கரை முழுவதும் வெளிறிய நுண்மணல்.

இவ்வளைந்த கரைக்குப் பின்னே தாழ்ந்த மணற்குன்றுகள் உள்ளன. அவற்றைக் கடந்து சில அடி சென்றால், நாம் களப்பு என்றும் கடனீரேரி என்றும் வழங்கும் நீர்நிலை தோன்றும். யாலோவா என்பது அதன் பெயர். ஏறக்குறைய இரண்டரைச் சதுரக் கிலோமீற்றர் பரந்த அதன் நீர், பெரும்பாலான இடங்களில் ஒரு மீற்றர் ஆழமும் இல்லாதது. களப்பின் தென்புறத்தில் இன்னுமொரு மெல்லிய மணற்றிடர் கிடக்கின்றது. அதற்கப்பால் நவரினோ என்னும் பெருவிரிகுடா. அவ்விரிகுடாவின் வாயிலை மறைத்து, நாலரைக் கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கும் பாறைத்தீவின் பெயர் ஸ்பக்தீரியா.

இவை அனைத்தையும் ஒருங்கே காண விரும்புவோர், மணற்கரையின் தெற்கு முனையிலிருந்து செங்குத்தான ஒரு பாதை வழியே மேலேற வேண்டும். வழியிலே நெஸ்டர் மன்னனின் குகை எனப்படும் குகையொன்று உண்டு. நெஸ்டரின் ஆனிரைகள் அதிலே அடைக்கப்பட்டன என்பது பழங்கதை. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிற் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து நூல் எழுதிய பௌசேனியாஸ் இக்குகையைக் குறிப்பிடுகிறார். இந்நாடு பெரும்பாலும் மணலாதலின் ஆனிரைக்குப் போதிய மேய்ச்சல் தராது என்றும் அவர் சொல்லியுள்ளார். குகையைக் கடந்து உச்சியை அடைந்தால், பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிராங்கியப் பிரபு ஒருவர் கட்டிய கோட்டையின் இடிந்த மதில்கள் எதிர்ப்படும். அங்கே நின்று நோக்கினால் ஒரு புறம் குடாவும், மறுபுறம் களப்பும், தெற்கே தீவும் விரிகுடாவும் ஒரு படம்போல விளங்கும். மூவாயிரம் ஆண்டு வரலாறு அப்படத்துள் அடங்கியுள்ளது.

முதலிற் புலவர் கூறும் கதையை நோக்குவோம். திரோய்ப் போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றும் ஒடிசியஸ் வீடு திரும்பவில்லை. அவன் மகன் தெலிமாக்கஸ் தந்தையைப் பற்றி வினவுவதற்காகக் கப்பலேறிப் பைலோஸுக்கு வருகின்றான். அவன் கரையிறங்கும்போது ஊரார் கடற்கரையிலே கூடிக் கடற்றெய்வமாகிய பொசைடனுக்குக் கரிய எருதுகளைப் பலியிட்டுக்கொண்டிருக்கின்றனர். ஒன்பது கூட்டம்; கூட்டத்துக்கு 500 பேர்; கூட்டந்தோறும் ஒன்பது எருது. வந்தவன் யாரென்று வினவுமுன்பே அவனை மணலின்மீது விரித்த மெல்லிய தோல்களில் அமர்த்தி உணவளிக்கின்றனர். முதுபெரு மன்னனாகிய நெஸ்டர் அதன்பின்னரே அவன் வரலாற்றைக் கேட்கின்றான். விருந்தோம்பும் முறைக்கு இக்காட்சி ஓர் எடுத்துக்காட்டு.

இது வெறுங் கற்பனையா, அன்றி உண்மையின் நினைவா? இந்த ஐயம் பழங்காலத்திலேயே எழுந்துவிட்டது. பைலோஸ் என்னும் பெயருடைய ஊர்கள் மேற்குப் பெலப்பொனீசில் மூன்று இருந்தமையால், நெஸ்டரின் ஊர் எது என்பது பற்றிப் பண்டை அறிஞர் தம்முள் வழக்கிட்டனர். புவியியல் ஆசிரியராகிய ஸ்திராபோ வடக்கேயுள்ள வேறோர் இடத்தையே நெஸ்டரின் ஊரெனக் கொண்டார். வழக்குத் தீர ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு செல்ல வேண்டியதாயிற்று.

1939 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 4 ஆந் திகதி, அமெரிக்கத் தொல்பொருளறிஞராகிய காள் பிளேகன், களப்புக்குச் சில மைல் வடகிழக்கேயுள்ள எங்லியானோஸ் என்னும் மேட்டில் அகழ்வைத் தொடங்கினார். முதல் நாள் வெட்டிய முதற் குழியே ஒரு பேரரண்மனையின் ஆவண அறைமீது சென்று விழுந்தது. அவ்வாண்டு மட்டும் ஏறக்குறைய 600 களிமண் ஏடுகள் கிடைத்தன. எவரும் படித்தறியாத எழுத்து அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்தது. உடனே இரண்டாம் உலகப்போர் மூண்டது; அகழ்வு நின்றது; ஏடுகள் அதென்ஸ் நகர வங்கியொன்றிற் பாதுகாப்பாக வைக்கப்பட்டன. 1951 இல் அவற்றின் எழுத்துப்படிகள் நூலாக வெளிவந்தன.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதற்குப்பின் நிகழ்ந்தது சிறப்பாக இன்பந் தரும் என எண்ணுகிறேன். 1952 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வானொலியில் மைக்கல் வென்றிஸ் என்னும் இளைஞர் பேசினார். அவருக்கு வயது 29. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், கட்டடக் கலைஞர். இந்த ஏடுகளின் மொழி கிரேக்க மொழியின் மிகப் பழைய வடிவமே எனத் தாம் கண்டுபிடித்ததை அவர் முதன்முதல் உலகறியச் சொன்னது அந்த வானொலிப் பேச்சிலேதான். அதைக் கேட்டிருந்தோருள் ஒருவராகிய ஜோன் சட்விக் என்னும் மொழியறிஞர் பின்னர் அவருடன் சேர்ந்து உழைத்தார். அதே ஆண்டிற் பிளேகன் மீண்டும் அகழத் தொடங்கினார். அவ்வகழ்விற் கிடைத்த ஏடொன்றில், முக்காலிப் பாத்திரங்களும் மூன்று பிடி, நான்கு பிடி உடைய கலங்களும் பிடியில்லாக் கலங்களும் படமாக வரையப்பட்டிருந்தன. வென்றிஸ் கூறிய முறையில் எழுத்துகளைப் படித்தபோது, படமும் சொல்லும் ஒன்றோடொன்று பொருந்தின. ஐயம் நீங்கிற்று.

இவ்வேடுகளில் அரச காவியம் எதுவும் இல்லை. ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு, வெண்கலம் யாருக்கு நிறுத்துக் கொடுக்கப்பட்டது, எந்தத் தெய்வத்துக்கு என்ன காணிக்கை என்னும் கணக்குகளே உள்ளன. எனினும் அக்கணக்குகளுள் பைலோஸ் என்னும் பெயர் உண்டு. காணிக்கை பெறும் தெய்வங்களுள் பொசைடன் முதன்மையான இடம் பெறுகின்றான். நாட்டின் அண்மைப்பகுதி ஒன்பது கோட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது. ஒன்பது கூட்டத்தார் பொசைடனுக்கு மணற்கரையிற் பலியிட்டனர் என்ற புலவர் கூற்றை இவற்றோடு ஒப்பு நோக்குக. புலவர் பாடியது அரண்மனை அழிந்து சில நூற்றாண்டு கழிந்த பின்னர் ஆகும். ஆயினும் உண்மையின் ஒரு சாயல் மக்கள் நாவிலே அழியாதிருந்தது எனக் கொள்வதில் தவறில்லை.

ஏடுகளுள் ஒரு தொகுதி நம் கருத்தைச் சிறப்பாகக் கவர்வது. கரையோரத்தைக் காவலாளர் இன்னவாறு காக்கின்றனர் என்ற தலைப்போடு அது தொடங்குகின்றது. பத்துப் பிரிவாக ஏறக்குறைய 800 பேர், எவ்வெவ்விடத்தில் எத்தலைவரின்கீழ் நிறுத்தப்பட்டனர் என்ற விவரம் அதிற் காணப்படுகின்றது. இது ஆண்டுதோறும் நிகழும் வழக்கமான ஏற்பாடா, அன்றிப் பெரும் அச்சத்தினால் எழுந்த ஏற்பாடா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஒன்று மட்டும் தெளிவு. ஏடு எழுதப்பட்டுச் சில மாதங்களுக்குள் அரண்மனை தீப்பட்டு எரிந்தது. கி. மு. 1200 ஐ ஒட்டிய காலம் அது. கிடங்குகளில் நிறைந்திருந்த ஒலிவ எண்ணெய் தீயைப் பெருக்கிற்று. அரண்மனைக் கணக்கர் ஏடுகளைச் சுடுவதில்லை. வெயிலில் உலர்த்தியே வைப்பர். பயன் முடிந்தபின் நீரிற் கரைத்து மீண்டும் ஏடாக்குவர். அரண்மனையை அழித்த தீயே அவ்வேடுகளைச் செங்கல்போலச் சுட்டு நமக்கு வைத்துச் சென்றது. காவலர் கடலை நோக்கி நின்றனர். தீ எத்திசையிலிருந்து வந்தது என்பதை ஏடுகள் கூறவில்லை.

இனி எழுநூறு ஆண்டுக்கு மேலாகக் கடந்து, கி. மு. 425 ஆம் ஆண்டுக்கு வருவோம். அதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தம்முட் பொருத நெடும்போரின் ஏழாம் ஆண்டு அது. அதென்ஸின் கப்பற்படையொன்று சிசிலிக்குச் செல்லும் வழியிற் புயலுக்கு ஒதுங்கி இவ்விடம் வந்தது. படையுடன் வந்த டெமோஸ்தினீஸ், நாம் மேலேறி நின்ற அக்குன்றை அரண்செய்ய வேண்டும் என்றார். ஏனையோர் உடன்படவில்லை. காற்று அடங்காமையாற் பயணம் தடைப்பட்டுக் கிடந்த வீரரோ, பொழுது போகாமையினால் தாமாகவே மதில் கட்டத் தொடங்கினர். கல் செதுக்கும் கருவி அவர்களிடம் இல்லை. ஆதலிற் கிடைத்த கல்லைப் பொருந்தியவாறு அடுக்கினர். சாந்து சுமக்கக் கூடை இல்லை. ஆதலின் முதுகை வளைத்துச் சேற்றை முதுகிலேற்றி, அது வழுக்கி விழாதபடி கைகளைப் பின்னே கோத்துத் தாங்கிச் சென்றனர். வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் இதனை விவரமாக எழுதியுள்ளார். ஆறு நாளிற் கட்டிய அச்சேற்று மதில் கிரேக்க வரலாற்றையே திருப்பிவிட்டது.

மதிலைத் தகர்க்க வந்த ஸ்பார்ட்டர், எதிரே கிடந்த ஸ்பக்தீரியாத் தீவில் 420 வீரரை இறக்கினர். அதென்ஸின் கப்பல்கள் திரும்பி வந்து விரிகுடாவைக் கைப்பற்றியபோது அவர்கள் தீவிலே சிறைப்பட்டனர். அவர்களுக்கு உணவு சேர்ப்பவருக்குப் பொருளும், அடிமைகளாயின் விடுதலையும் வழங்குவதாக ஸ்பார்ட்டா அறிவித்தது. தேன் கலந்த கசகசாவும் இடித்த ஆளிவிதையும் தோற்பைகளில் அடைத்துக் கயிற்றாற் கட்டி, நீரின்கீழே நீந்தி இழுத்துச் சென்றனர் சிலர். 72 நாள் இவ்வாறு கழிந்தது. இறுதியில் அதென்ஸ்படை தீவில் இறங்கியது. வில்லாலும் கவணாலும் எறிவேலாலும் தாக்கப்பட்டு, காட்டெரிவின் சாம்பல் கண்ணை மறைக்க, எஞ்சிய 292 பேர் கேடயங்களைக் கீழே விட்டனர். ஸ்பார்ட்டர் உயிருடன் சரணடையார் என்று நம்பியிருந்த கிரேக்க உலகம் திகைத்தது. அன்று பறிக்கப்பட்ட வெண்கலக் கேடயங்களுள் ஒன்று, பைலோஸிற் பெற்றதென்ற பொறிப்புடன் 1936 இல் அதென்ஸ் நகரிற் கண்டெடுக்கப்பட்டது.

மூன்றாவது நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. துருக்கரின் ஆட்சியிலிருந்து விடுபடக் கிரேக்கர் 1821 முதற் போராடி வந்தனர். பிரித்தானியாவும் பிரான்சும் இரசியாவும் 1827 இற் போர்நிறுத்தத்தை வற்புறுத்த உடன்படிக்கை செய்தன. துருக்கிய, எகிப்தியக் கப்பல்கள் ஏறக்குறைய 80, நவரினோ விரிகுடாவிற் பிறைவடிவாக நங்கூரமிட்டு நின்றன. ஒக்டோபர் 20 ஆந் திகதி, கொட்றிங்ரன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவரின்கீழ் நேசநாடுகளின் 27 கப்பல்கள் விரிகுடாவுட் புகுந்து எதிரே நங்கூரமிட்டன. போர் தொடுக்கும் கட்டளை எத்தரப்பிலும் இல்லை. ஒரு படகின்மீது சுடப்பட்ட துப்பாக்கியோசை போதியதாயிற்று. பிற்பகலிற் தொடங்கிய பீரங்கிப் போர் மாலைக்குள் முடிந்தது. நேசநாடுகள் ஏறக்குறைய 180 பேரை இழந்தன, கப்பலொன்றையும் இழக்கவில்லை. எதிர்த்தரப்பில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். பாய்க்கப்பல்கள் மட்டுமே பொருத இறுதிப் பெருங்கடற்போர் இதுவென்பர். கிரேக்கத்தின் விடுதலை 1830 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எரிந்த கப்பல்களின் எச்சம் இன்றும் அவ்விரிகுடாவின் அடியிலே உண்டு.

நேயர்களே, இம்மூன்று காலத்தாரையும் ஒருங்கு வைத்து நோக்குக. அரண்மனைக் காவலரும், சேற்று மதில் கட்டிய வீரரும், பீரங்கிக் கப்பலின் மாலுமிகளும் இக்கரையிலே தமக்கு வேண்டியதையே கண்டனர். ஒருவர்க்கு அது காவலெல்லை, ஒருவர்க்கு அரண், ஒருவர்க்குத் துறைமுகம். எல்லாரும் கடலையே நோக்கினர். அவர்தம் முதுகுக்குப் பின்னே கிடந்த களப்பு, நம் காலம் வரையிற் பயனில்லாச் சேற்று நிலமாகவே எண்ணப்பட்டது.

அக்களப்போ தனக்கென ஒரு வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தது. அதன் அடியிற் துளையிட்டு மண்படிவங்களை எடுத்து ஆராய்ந்த அறிஞர், அது முன்னொரு காலத்தில் திறந்த கடற்குடாவாக இருந்ததை அறிந்தனர். ஆறுகள் கொணர்ந்த வண்டலும் அலைகள் குவித்த மணலும் அதனை மெல்ல மெல்ல அடைத்துக் களப்பாக்கின. ஆண்டுதோறும் காற்றில் வந்து விழுந்த மகரந்தத் துகள்கள் சேற்றினுள்ளே படிந்து கெடாமல் உள்ளன. அவற்றை எண்ணி, எக்காலத்திற் காடு குறைந்தது, எக்காலத்தில் ஒலிவத் தோப்புப் பெருகியது என்று கூறுகின்றனர். அரண்மனைக் கணக்கர் எழுதாது விட்டதைச் சேறு எழுதி வைத்துள்ளது.

இக்களப்புக்குப் பகை கடல்வழி வந்த படையன்று. மலேரியாவும் உழுநிலமின்மையும் மக்களை வருத்திய நாட்களில், சதுப்பு நிலத்தை வற்றச்செய்வதே முன்னேற்றம் எனப் பல நாடுகள் கருதின. இங்கும் 1950 களிலும் 1960 களிலும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. களப்பை வளர்த்த நன்னீரோடைகள் வேறு வழியே திருப்பப்பட்டன. சதுப்பின் ஒரு பகுதி வயலாயிற்று. வறியவர்க்கு நிலம் வேண்டுமென்ற எண்ணம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும் நன்னீர் குறையக் குறைய எஞ்சிய களப்பின் உவர்ப்பு மிகுந்தது. நாணலும் மீனும் நலிந்தன. கடலும் ஒருமுறை கேடு கொணர்ந்தது. 1980 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், மசகெண்ணெய் ஏற்றிய பெருங்கப்பலொன்று நவரினோ விரிகுடாவில் தீப்பற்றி மூழ்கிற்று. அதிலிருந்த எண்ணெய் ஏறக்குறைய ஓரிலட்சம் தொன்.

இத்தனைக்கும் பின்னர் அங்கே செல்வோர் காண்பது யாது? 250 க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இக்களப்பிற் காணப்பட்டுள்ளன. இளவேனிலில் ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து வரும் பறவைகளுக்கு, பால்கன் நிலப்பரப்பின் தென்கோடியில் எதிர்ப்படும் பெருஞ்சதுப்பு நிலம் இதுவே. களைத்து வரும் அவை இங்கே இறங்கி இரைதேர்ந்து, பின் வடக்கே செல்கின்றன. பூநாரைகளும் கொக்குகளும் ஆழமற்ற நீரில் நின்று மேய்கின்றன. மீன்கொத்தும் விராலடிப்பான் பருந்து மாரியில் வருகின்றது. மணலையும் விலாங்கும் களப்புக்கும் கடலுக்கும் இடையே போய்வருகின்றன. அவற்றை வாயிலிலே தடுத்துப் பிடிக்கும் மீனவர் தொழில் அங்கே பழமையானது. அயற்கரைகளிற் பெருந்தலைக் கடலாமைகள் கோடை இரவிற் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன.

இவற்றினும் வியப்பானது ஒரு பச்சோந்தி. ஆபிரிக்கப் பச்சோந்தி எனப்படும் இவ்வினம் ஐரோப்பாக் கண்டத்திலே இக்களப்போரத்தில் மட்டுமே வாழ்கின்றது. பண்டைக் காலத்திற் கப்பல்வழி மனிதரோடு வந்து குடியேறியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. கோடை முடிவிற் பெட்டைகள் மணற்குன்றுகளிற் குழிதோண்டி முட்டையிட்டு மூடுகின்றன. அம்மணலிலேதான் நீராட வருவோர் வாகனங்களை நிறுத்தி வந்தனர். ஒரு சக்கரம் ஓரிடத்தில் ஏறினால் ஒரு தலைமுறையே நசுங்கும்.

1990 களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடனும் கிரேக்கப் பறவையியற் கழகத்தின் முயற்சியாலும் இந்நிலைமை மாறத் தொடங்கியது. மணற்குன்றுகளுக்கு வேலியிடப்பட்டது. வாகனங்கள் தடுக்கப்பட்டு நடைபாதைகள் வகுக்கப்பட்டன. பச்சோந்தியின் முட்டைகளுக்குக் காவல் ஏற்பட்டது. ஐரோப்பாவின் காக்கப்பட்ட இயற்கை நிலங்களின் வரிசையில் இக்களப்பும் சேர்க்கப்பட்டது. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. நன்னீர் இன்னும் போதிய அளவிற் களப்பை அடைவதில்லை. மழை குறைந்த ஆண்டுகளில் உவர்ப்பு ஏறுகின்றது. சுற்றியுள்ள வயல்களும் விருந்தினர் விடுதிகளும் அதே நீரையே நாடுகின்றன. நீரை யாருக்கு எவ்வளவு பகிர்வது என்னும் வினா, அரண்மனைக் கணக்கர் காலத்து வினாக்களைப் போலவே, எண்ணிக் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டியதொன்றாகும்.

மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே, இக்கரைக்கு 800 காவலரை நிறுத்திப் பெயரெழுதி வைத்தான் ஓர் அரசன். இன்றும் அக்கரைக்குக் காவலர் உண்டு. அவர்கள் சிலரே, கையில் வேலும் கேடயமும் இல்லை. மணலிற் புதைந்த முட்டைகளைச் சுற்றி முளையடித்துக் கயிறு கட்டுவதும், நீரின் உவர்ப்பை அளந்து குறிப்பதும், விடியலிற் பறவைகளை எண்ணுவதும் அவர் தொழில். இவர்கள் நோக்கி நிற்பது கடலை மட்டுமன்று. கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் அந்த ஆழமற்ற நீரையுமே. மணல் மிகுந்த பைலோஸ் என்று புலவர் சொன்னது, இவர்கள் உள்ளவரையில் அவ்வூருக்குப் பொருந்தும்.